பொய் சொல்லாத முள்

பழுதுபட்ட ஆய்வுக் கருவிகளை வீட்டிற் சேர்த்துச் செப்பனிடுவதை எங்கள் ஊரார் ஒருவகைப் பித்து என்றே கருதுகின்றனர். ஆழ்வார்திருநகரிக்கு வருவோர் நம்மாழ்வாரையும் உறங்காப்புளியையும் கண்டு வணங்கிச் செல்வர். என் வீட்டுத் திண்ணையைக் கடப்போரோ வால்வு வானொலிகளையும் துருவேறிய மின்மானிகளையும் கண்டு நகைத்துச் செல்வர். எனக்கு அதனால் வருத்தம் இல்லை. அருகிலுள்ள பெருங்குளத்திற் பிறந்த பெ. நா. அப்புசுவாமி (1891–1986), சட்டம் பயின்றவராயினும், அறிவியலைத் தமிழில் எழுதுவதிலேயே இன்பம் கண்டார். இப்பித்து இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

கழித்த பொருள்களோடு ஏலத்திற்கு வந்த டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. இங்கிலாந்திற் செய்யப்பட்டது. நிமிர்ந்து நிற்கும் மரவளையம். அதன்மேல் 50 சுற்றுச் செம்புக் கம்பி. நடுவே ஒரு சிறு காந்த ஊசி. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது ஊசியைக் கிழக்கு மேற்காகத் திருப்ப முயலும். புவியின் காந்தம் அதனை வடக்கு நோக்கி இழுக்கும். இவ்விரு இழுப்புக்கும் இடையில் ஊசி ஓரிடத்தில் நிற்கும். அக்கோணத்தின் டேன்ஜன்டைக் கொண்டு மின்னோட்டத்தைக் கணக்கிடலாம். எத்துணை எளிய அமைப்பு! இக்காலத்துக் கருவிகள் தம் உள்ளத்தைக் கறுப்புப் பெட்டிக்குள் மறைத்துக்கொள்கின்றன. இஃதோ எல்லாவற்றையும் வெளியே வைத்துக்கொண்டு நிற்கிறது.

தாமிரபரணிக் கரையின் ஈரம் நெல்லுக்கும் வாழைக்கும் நல்லது. பருத்தி நூல் சுற்றிய கம்பிக்கு நல்லதன்று. பூஞ்சை பிடித்து நூல் இற்றுப்போயிருந்தது. மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடையில் எனாமல் பூசிய கம்பி வாங்கி, ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணிச் சுற்றினேன். ஒரு சுற்று மிகுந்தாலும் கணக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு பிழைபடும். காந்தம் குன்றிய ஊசியைச் சட்டக் காந்தத்தால் ஒரே திசையில் பன்முறை தேய்த்தேன். ஊசியின் காந்த வலிமை கூடினாலும் குறைந்தாலும் அது காட்டும் கோணம் மாறாது. வலிமை மிக்க ஊசி சுணங்காமல் திரும்பும், அவ்வளவே.

முள் அழகாக அசைந்தது. ஆயினும் அசைந்தால் மட்டும் போதுமா? அருகிலுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்காக இக்கருவியைக் கேட்டிருந்தார். ஊமைக் கருவி எவரையும் ஏமாற்றாது. பொய் சொல்லும் கருவி ஒரு வகுப்பு முழுவதையும் ஏமாற்றிவிடும். பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பழைய சீட்டில், 45 பாகைக்கு 0.046 ஆம்பியர் என்று மையால் எழுதியிருந்தது. அதனை அப்படியே ஏற்க என் மனம் இசையவில்லை.

அதனைச் சோதிக்கச் செம்பே துணை செய்தது. மயில்துத்தக் கரைசலில் 1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் எதிர்மின் தகட்டில் 1.186 கிராம் செம்பு படியும். இவ்விதி உலகெங்கும் ஒன்றே. கால்வனாமீட்டரையும் கரைசலையும் ஒரே சுற்றில் இணைத்து, முள் 45 பாகையிலேயே நிற்குமாறு ஒரு மணி நேரம் காத்தேன். பின்பு தகட்டை உலர்த்திப் பொற்கொல்லரிடம் கொண்டு சென்றேன். தகட்டின் முன்னை எடையைக் கண்டு சொன்னவரும் அவரே. “அண்ணாச்சி, செம்புக்குமா மில்லிகிராம் கணக்கு?” என்று நகைத்தவாறே நிறுத்துக் கொடுத்தார். சீட்டின்படி 55 மில்லிகிராம் கூடியிருத்தல் வேண்டும், கூடியிருந்ததோ 120! அஃதாவது, மின்னோட்டம் 0.101 ஆம்பியர்.

சீட்டை எழுதியவர் பொய்யர் அல்லர். அவர் நாட்டில் அது மெய்யே. இங்கிலாந்தில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 67 பாகை சாய்ந்து மண்ணை நோக்கி இறங்குகிறது. ஆதலின் கிடைத்திசையில் எஞ்சுவது அக்காலத்தில் 0.18 காஸ் அளவே. காந்த நடுக்கோடோ நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. இங்கே புலம் ஏறக்குறைய முழுவதும் கிடையாகவே படுத்திருக்கிறது. அதன் அளவு 0.40 காஸ். வடக்கு நோக்கிய இழுப்பு இரு மடங்கிற்கும் மேலாதலால், ஊசியை அதே கோணத்திற்குத் திருப்ப மின்னோட்டமும் அவ்வளவு மிகுதியாக வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், சிற்பங்களாற் புகழ்பெற்ற கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்திருப்பதும் இக்காந்த நடுக்கோட்டை நாடியே. நண்பகல் வேளையில் நம் தலைக்குமேல் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதனால் ஏற்படும் நுண்ணிய மாறுதலையும் அங்குள்ள கருவிகள் பதிவு செய்கின்றன. என் முள் அதனை அறியாது. அத்துணை நுட்பத்தை அதனிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

பழைய சீட்டைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் கீழே புதிய சீட்டு ஒன்றை ஒட்டி, 45 பாகைக்கு 0.101 ஆம்பியர் என்று எழுதி, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தேன். புவியின் காந்தமும் காலப்போக்கில் மாறுமாதலால் ஆண்டைக் குறிப்பது இன்றியமையாதது. சீட்டு உலர்ந்ததும் கருவியை ஆசிரியரிடம் கொடுத்தனுப்பினேன்.