காந்தள், தோன்றி, கோடல்

இளங்கலையில் தாவரவியல் பயின்று முதுகலைக்குத் தமிழை நாடி வந்த மாணவி ஒருவர், சென்ற கல்வியாண்டில் என்னிடம் ஆய்வேட்டுக்குச் சேர்ந்தார். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் அடையாளம் காண்பது அவருடைய திட்டம். தமிழ்த்துறைகளில் இது புதிய ஆசையன்று; அப்பட்டியலின் மயக்கத்தில் நானும் விழுந்தவன்தான். ஆறு மாதத்தில் 99 பூக்கள் என்றால் பூவொன்றுக்கு இரண்டு நாள்கூடக் கிடையாது. பேரம் பேசி முப்பதாக்கினோம், பிறகு பத்தாயிற்று. இறுதியில் எஞ்சியவை மூன்று பெயர்கள்: காந்தள், தோன்றி, கோடல்.

சிக்கல் இதுதான். கபிலர் இம்மூன்றையும் ஒரே பட்டியலில் தனித்தனியே எண்ணுகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியோ தோன்றியைச் செங்காந்தள் என்றும் கோடலை வெண்காந்தள் என்றும் பொருள் தருகிறது. ஒரே செடியைப் புலவர் மும்முறை ஏன் எண்ண வேண்டும்?

தாவரவியல் துறை நண்பர் இணை வழிகாட்டியாக இருக்க இசைந்தார். முதற் சந்திப்பில் நான் உரைகளையும் அகராதிகளையும் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, மாதிரி எங்கே?" என்றார். பறித்த இடமும் நாளும் எழுதி, தாளில் ஒட்டி உலர்த்திய செடி இல்லாமல் அவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். நாமோ உரையாசிரியர் சொன்னதை அகராதியிலும், அகராதி சொன்னதைப் புத்துரையிலும் கண்டு, சான்று இரண்டாகிவிட்டதென மகிழ்கிறோம். இரு துறைகளைச் சேர்த்து ஆய்வதென்றால் இரண்டு நூற்பட்டியலை ஒட்டுவது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். எது சான்று என்பதிலேயே உடன்பாடு இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

மாணவி மழைக்காலத்தில் மூலனூர்ப் பக்கம் போனார். அங்கே காந்தளை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். ஊர்வழக்கில் அது கண்வலிக்கிழங்கு. இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பந்தலைப் பிடித்துக்கொள்ளும் அழகை அவர் விவரித்தபோது, இருபதாண்டுகளாகக் காந்தளைப் பாடம் நடத்தும் நான் அதை ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஒரே பூவுக்கு நூல் கட்டி நாள்தோறும் குறித்து வந்தார். பசுமஞ்சளாக விரிந்தது, மேற்பகுதி சிவந்தது, இறுதியில் முழுதும் செந்நிறமாயிற்று. காந்தளும் தோன்றியும் ஒரே செடியின் இரு பெயர்களாகலாம் என்பதற்கு இது இடம் தருகிறது. வெண்மை மட்டும் எந்த நாளிலும் வரவில்லை.

மீண்டும் நூலுக்குத் திரும்பினோம். முல்லைப்பாட்டில் கோடலும் தோன்றியும் அடுத்தடுத்து நிற்கின்றன. கோடல் உள்ளங்கைபோல் அவிழ்கிறது; தோன்றி குருதிநிறத்தில் பூக்கிறது. புலவர் இரண்டையும் வேறாகவே பார்த்திருக்கிறார். அப்படியானால் கோடல் எது? நண்பரின் கேள்வியே மறுபடி வந்து நின்றது. மாணவி அட்டவணையில் கோடலுக்கு நேரே, "துணிய இயலவில்லை" என்று எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வாளர் முடிவு எங்கே என்பார்; "வெண்காந்தள் ஆகலாம்" என்றாவது போட்டுவிடச் சொன்னேன். "செடியைப் பார்க்காம எப்படி ஐயா எழுதுறது?" என்றார். குரலில் பணிவு இருந்தது, இசைவு இல்லை.

முன்னாய்வுகள் பற்றிய இயல் அதற்கடுத்த வாரம் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. 2003இல் நான் அளித்த இளமுனைவர் பட்ட ஆய்வேட்டை (அப்பட்டமே 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது) நூலகத்தில் தேடி எடுத்திருக்கிறார். கோடல் வெண்காந்தளே என்று ஐயத்திற்கு இடமின்றி நான் எழுதியிருந்ததைச் சுட்டி, "சான்று தரப்படவில்லை" என்று ஒரே தொடரில் முடித்திருந்தார். நீக்கிவிடச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. மேற்பார்வையாளரின் சொல்லைத் தட்டுகிற மாணவர் அரிது. தட்டினால் என்னாகும் என்பதும் நமக்குத் தெரியும்.

இரண்டு நாள் அந்த இயலை மேசையிலேயே வைத்திருந்தேன். பிறகு வீட்டுப் பரணிலிருந்து என் படியை இறக்கிப் பார்த்தேன். அடிக்குறிப்பில் பக்கம் 47 என்றிருந்தது. 46 என்று திருத்திக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.