குறித்த நாளிற் செல்லுங்கள்

தலையிடியென்றால் அயலவரிடமும் உரைப்போம்; கருப்பை சம்பந்தமான நோயென்றால் வீட்டிலும் வாய் திறவோம். இம்மௌனம் எத்துணை ஆபத்தானதென்பதை என் 45ஆவது வயதில் அறிந்தேன்.

சுகவனிதையர் சிகிச்சை நிலையத்தில் எடுத்த பாப் பரிசோதனையில், என் கருப்பைக் கழுத்தின் கலங்களில் மாறுதல் உண்டெனத் தெரிந்தது. அடுத்த சோதனையில் மனித பப்பிலோமா வைரசும் காணப்பட்டது. புற்றுநோயென்றே எண்ணிக் கலங்கினேன். இவ்வைரசு உடலுறவினாற் பரவுவது என்று அறிந்ததும், என் கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கினோம். "வீட்டிலே குமர்ப்பிள்ளை இருக்கிறாள், வெளியே சொல்லாதே பிள்ளை" என்றார் மாமியார்.

பெண் வைத்தியர் ஒருவர் எங்களிருவரையும் அழைத்து விளக்கினார். வாழ்நாளில் பெரும்பாலோருக்கு ஏற்படும் தொற்று இது. அநேகரில் இரண்டாண்டுகளுக்குள் உடலே அதனை அகற்றிவிடும். சிலரிடம் பல்லாண்டுகள் அறிகுறியின்றித் தங்கியிருக்கும். ஆகவே, எப்போது, யாரிடமிருந்து வந்ததென எவராலும் கூற இயலாது. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் என் கைப்பையைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டார். பல நாட்களின் பின் எங்களுக்குள் பேச்சுத் தொடங்கிற்று.

அகலாது நிலைத்த தொற்றே கலங்களை மெல்ல மாற்றுகிறது. நல்ல எதிர்ப்புச்சக்தியுள்ள பெண்ணில் அது புற்றுநோயாக வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். இவ்வைரசே அந்நோய்க்குக் காரணமெனக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நீண்ட அவகாசத்தைப் பயன்படுத்துவதற்கே தொடர் பரிசோதனை.

என்னைக் கொல்பொஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் கருவியாற் பார்த்தனர். அசற்றிக்கமிலம் தடவியதும் மாறுதலுற்ற இடம் வெண்மையாயிற்று. அங்கிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்தனர். மாறுதல் சிறிதென்பதால், சிகிச்சையின்றி ஓராண்டின் பின் வரச் சொன்னார்கள். கடுமையானதாயின் அப்பகுதியை மட்டும் அகற்றிவிடலாமாம். சொன்ன நாளிற் போனேன், கலங்கள் சீராகியிருந்தன. இன்னும் சோதனைகள் உண்டு, அவற்றுக்கும் போவேன்.

மாமியார் அஞ்சிய அந்தக் குமர்ப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவளுக்கன்றோ இவ்வறிவு முதலில் வேண்டும்! இலங்கையில் 2017 முதல் ஆறாந்தர மாணவியருக்குத் தடுப்பூசி வழங்கப்படுகிறது. எனினும், ஊசி பெற்றவர்களும் உரிய வயதிற் பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

சகோதரிகளே, மீண்டும் வரும்படி வைத்தியர் குறித்துத் தரும் திகதியைப் பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல் நினைவில் வையுங்கள்.