இருபத்துமூன்று குப்பிகள்

மார்கழி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகலிலே, பேராதனைப் பெண்கள் விடுதி ஒன்றின் மேல்மாடி அறையில், தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி தன் மேசை லாச்சியை வெளியே இழுத்து, அதிலிருந்தவற்றைக் கட்டிலின்மேற் கொட்டினாள். முகத்திற் பூசுவன அனைத்தையும், ஒன்றேனும் விடாது, ஒரு பையிலிட்டு எடுத்து வருமாறு தோல்நோய் வைத்திய நிபுணர் அவளைப் பணித்திருந்தார். ஏழெட்டு இருக்கக்கூடும் என்றே அவள் நினைத்திருந்தாள். எண்ணி முடித்தபோது 23 இருந்தன.

முகங் கழுவும் திரவங்கள் மட்டும் நான்கு. பாதியிலே கைவிடப்பட்டவை பல. மூடி திறக்கப்படாதவை இரண்டு. மூடி திறந்த சிறு டப்பியின் படமும் அதனருகே 12 என்னும் எண்ணும் பலவற்றின் அடியிற் பொறிக்கப்பட்டிருந்தன. திறந்து 12 மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்கவேண்டும் என்பதே அதன் பொருள். நாள்தோறும் கையிலெடுத்த பொருள்களில் இருந்த அக்குறியை அன்றுதான் அவள் முதன்முதலாகக் கண்டாள். சாமத்தியச் சடங்கின்போது வாங்கிய உதட்டுச் சாயமொன்றும் அக்குவியலிற் கிடந்தது. அதற்கு வயது பத்தாகியிருந்தது.

அவற்றை நிரைப்படுத்தி வைத்து நோக்கியபோது அவளுக்கு வேறொன்று புலப்பட்டது. அக்குப்பிகளுட் பெரும்பாலானவை அவளாக விரும்பி வாங்கியவை அல்ல. ஒவ்வொன்றும் அவளுடைய முகத்தைப் பற்றி எவரோ ஒருவர் கூறிய அபிப்பிராயம். கனடாவிலிருந்து வந்த பெரியம்மா, "பிள்ளை நல்ல வடிவு, ஆனால் வெயிலிலை திரிஞ்சு கறுத்துப் போனாள்" என்று கூறிக் கையிற் கொடுத்தது ஒன்று. பருத் தழும்பைச் சுட்டி மச்சாள் வாங்கித் தந்தது இன்னொன்று. கண்ணின் கீழுள்ள கருமையை அறைத்தோழி கண்டுபிடித்த அன்று வாங்கியது மூன்றாவது. முகத்தையே கண்டிராத எவரோ கைபேசித் திரையிலே தோன்றிக் கூறியவற்றைக் கேட்டு வாங்கியவையும் ஐந்தாறு உண்டு. அபிப்பிராயங் கூறியோர் அதனை அன்றே மறந்திருப்பர். குப்பி மாத்திரம் லாச்சியில் தங்கிவிட்டது.

அவற்றுள்ளே ஒரு வெண்ணிறப் பேணி தனித்து நின்றது. அதிலே தயாரித்தவர் பெயர் இல்லை. உள்ளடங்கிய பொருள்களின் விபரம் இல்லை. பொன்னிற எழுத்தில் ஒரு பெயரும் வெளுத்த முகமொன்றின் படமும் மட்டுமே இருந்தன. கொழும்பிலே ஒரு சிறு கடையில் வாங்கியது. பூசத் தொடங்கிப் பத்தே நாளிற் பருக்கள் மறைந்தன. மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது. விடுமுறைக்கு வடமராட்சியிலுள்ள வீட்டுக்குச் சென்றபோது தாயார் அவளை வாசலிலே நிறுத்தி வைத்து, "இப்பதான் பிள்ளையின்ரை முகத்திலை ஒரு வெளிச்சம் வந்திருக்குது" என்றார். அன்று பின்னேரமே சேலையுடுத்துப் படமெடுக்கப்பட்டது. படிப்பு முடிந்ததும் சம்பந்தம் பேசுவதற்கு உதவும் என்பது தாயாரின் கணக்கு.

ஐந்து மாதம் கழித்துப் பரீட்சைக் காலத்திற் பேணி ஏறத்தாழக் காலியாயிற்று. கொழும்புக்குச் செல்ல நேரமில்லை. பூசாது விட்ட மூன்றாம் நாள் முகம் தீப்பட்டாற்போற் சிவந்தது. மழைத்துளி பட்டாலும் எரிந்தது. மறைந்திருந்த பருக்கள் யாவும் ஒருங்கே கிளம்பின. மீண்டும் பூசினால் அடங்கும் என்பதை அவள் அறிந்திருந்தாள். அவளை அச்சுறுத்தியதும் அந்த அறிவுதான்.

வைத்திய நிபுணர் பையைத் திறந்ததும் அப்பேணியையே முதலில் எடுத்தார். முகத்தின் நிலையைக் கொண்டு அதில் வலிமைமிக்க ஸ்ரெரொயிட் மருந்து கலந்திருக்கிறது என்றார். அம்மருந்து அழற்சியை அடக்கும். ஆதலாற் பரு மறையும். குருதிக் கலன்களைச் சுருக்கி நிறமியின் ஆக்கத்தையும் குறைக்கும். ஆதலால் முகம் வெளுக்கும். மாதக்கணக்கிற் பூசினாலோ தோல் மெலியும். நிறுத்தியதும் சுருங்கிய கலன்கள் விரிந்து முகம் எரியும். இத்தகைய பேணிகள் சிலவற்றிலே பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. அது தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. பாதரசத்தால் நேர்ந்த பேரிடருக்குப் பெயர்பெற்ற ஜப்பானிய நகரான மினமாட்டாவின் பெயரால் 2013இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை இவ்வகைக் களிம்புகளையும் விலக்கியிருக்கிறது. ஆயினும் உடன்படிக்கைகள் சிறு கடைகளின் கண்ணாடித் தட்டுகளை எட்டுவதற்கு நாட் செல்லும் போலும்.

எஞ்சிய 22 குப்பிகளையும் அவர் கடிந்து பேசவில்லை. ஆனால் அவற்றின் வேலை யாது என்று ஒவ்வொன்றாய் எடுத்து வினவினார். அவளால் விடை கூற முடிந்தது ஆறேழுக்குத்தான். தோலின் மேற்படையைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடுவது வைத்திய நூல்களின் வழக்கு. இறந்த கலங்கள் கற்கள். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. அச்சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். வெளியிலுள்ள நஞ்சு உட்புகும். நான்கு திரவங்களால் நாளுக்கு நான்குமுறை கழுவுவது சுவரைச் சுரண்டுவதேயாகும். சாதாரண சவர்க்காரம் காரத்தன்மையுடையது; தோலின் மேற்பரப்போ சிறிது அமிலத்தன்மையுடையது. வடமராட்சிக் கிணற்று நீர், சுண்ணாம்புக் கற்படையில் ஊறிவரும் வன்னீர் வேறு. அதிலே சவர்க்காரம் நுரைக்காது. அதன் படிவு தோலிலே தங்கும்.

முடிவில் மூன்று பொருள்களே எஞ்சின: மணமற்ற மென்மையான கழுவுதிரவம், ஈரங்காக்கும் எளிய களிம்பு, பகலிற் பூசும் வெயிற்காப்பு. எரிச்சல் அடங்கும்வரை சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டிய மருந்தொன்றை வைத்தியரே தனியாக எழுதிக் கொடுத்தார். வெயிற்காப்பை முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்கவேண்டும் என்றார். அவள் அதுகாறும் கடுகளவே பூசி வந்தாள்.

இவ்விடத்திலே, கடைப் பொருளை விடுத்துப் பாட்டியின் முறைக்குத் திரும்பினாற் போதாதோ என வினவுவோர் உளர். பயற்றம்மா தேய்த்துக் குளிப்பதிற் பெருந்தீங்கில்லை. ஆனால் தேசிக்காய்ப் புளியை நொந்த தோலிலே தேய்த்துவிட்டு வெயிலில் நடப்பது கடைக் களிம்புக்கு எவ்வகையிலும் குறைந்த கொடுமை அன்று. லாச்சியை ஒழித்துவிட்டு அடுக்களை அலுமாரியை முகத்திற் பூசுவதை எளிமை என்று கூறவியலாது.

அத்தவணையிற் சங்க இலக்கியம் அவளுக்குப் பாடமாக இருந்தது. மாமை என்னும் சொல்லைப் பரீட்சைக்காக அவள் மனனஞ் செய்திருந்தாள். மாந்தளிரின் நிறம் அது. பெண்ணின் அழகாகப் புலவர் போற்றியது. நிறம் வெளிறுவதாகிய பசலையோ பிரிவுத்துயரால் வரும் நோய். தன் மாமையைப் பசலை உண்பதை வெள்ளிவீதியார் பாடினார். பசப்புக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். இவற்றை விடைத்தாளில் ஒழுங்காக எழுதிவிட்டு அறைக்குத் திரும்பிய அதே பெண்தான், இரவிலே விளக்கணைக்கும் முன் அப்பேணியைத் திறந்து பசலையைப் பூசிக்கொண்டாள். இரண்டிற்கும் இடையே ஒரு முரண்பாடு உண்டென்பது அக்காலத்தில் அவளுக்குத் தோன்றவேயில்லை.

குப்பிகளை அகற்றுதல் எண்ணியதுபோல் எளிதாயிருக்கவில்லை. காலங் கடந்தவை உடனே போயின. பெரியம்மா கொடுத்ததைக் குப்பையில் இடும்போது கை தயங்கியது. அது வீண் செலவன்று, அன்புமன்றோ? திறக்கப்படாத இரண்டையும் தோழியர் பெற்றுக்கொண்டனர். வெண்ணிறப் பேணியை வைத்தியர் தம்மிடமே வைத்துக்கொண்டார். அடியிலே எஞ்சியிருந்த சிறிதளவுக்காக அறைத்தோழி ஏற்கெனவே காத்திருந்தாள். இல்லையென்றதும் அவள் முகம் மாறியது.

"நீ பூசி வெள்ளையாகினனீ. எனக்குத் தரேக்கை மட்டும் அது நஞ்சோ?"

இக்கேள்விக்கு மறுமொழி இல்லை. தன் சிவந்த முகத்தைக் காட்டுவதைத் தவிர வேறு நியாயம் அவளிடம் இருக்கவுமில்லை. ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பின்னர் ஓரிரவு, தோழி தன் லாச்சியின் அடியிலிருந்து அதேபோன்ற பேணியொன்றை எடுத்து மேசைமேல் வைத்து, அந்த வைத்தியர் எந்த நாள்களில் வருவார் என்று கேட்டாள்.

சிவப்பு மாறுவதற்கு நான்கு மாதம் சென்றது. அம்மாதங்களிலே விரிவுரைகளுக்குக் குடையின் மறைவிற் சென்று கடைசி வாங்கிலே அமர்ந்தாள். பரு ஒன்றிரண்டு இன்னும் வந்து போகின்றன. நிறம் பழையபடி பொதுநிறமாயிற்று.

அடுத்த விடுமுறையில் தாயார் வாசலிலே நின்று சிறிது நேரம் பார்த்தார். "பழைய நிறம் வந்திட்டுது" என்றார். அதிலே ஏமாற்றம் எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்பது அவளுக்கு விளங்கவில்லை. இரவுச் சாப்பாட்டின் பின் நடந்தவற்றை அவள் ஒன்றும் மறையாது கூறினாள். ஸ்ரெரொயிட், பாதரசம் என்னும் சொற்களைக் கேட்டதும் தாயார் அவளுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அந்தப் படத்தை அழிச்சுவிடுங்கோ அம்மா."

தாயார் கைபேசியை எடுத்துப் படத்தைத் திறந்தார். திரையின் ஒளியிலே மகளின் முகத்தையும் படத்தையும் மாறி மாறி நோக்கினார்.

"நல்ல படம் பிள்ளை," என்றார் தாழ்ந்த குரலில். "இருக்கட்டும்."