இரு எசமானருக்கு ஒரு வண்டி

வாரத்தில் ஆறு நாள் குடும்பத்தைச் சுமந்து, ஏழாம் நாள் பந்தயப் பாதையிலும் பாய வேண்டுமென்று ஒரே மோட்டார் வண்டியிடம் கேட்பது நியாயமா? அறுகம்பேயில் குடியிருக்கும் நாம் அவ்வாறுதான் கேட்டோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளமான களுத்துறைக் கட்டுக்குருந்தையில் ஓட்டுவதற்காக, வண்டியைத் தாழ்த்தி, விறைப்பான சுருள்வில்களைப் பூட்டினோம். சக்கரங்களின் மேற்பகுதி உட்சாயவும், முன்சக்கரங்கள் சற்றே வெளிநோக்கவும் அலைன்மென்ட் செய்வித்தோம். வளைவில் வெளிப்பக்க டயர் தரையில் முழுமையாகப் படிய அச்சாய்வு உதவும். வெளிநோக்கோ திருப்பத்தை விரைவாக்கும்.

ஆனால் பொத்துவிலிலிருந்து கல்முனை செல்லும் கரையோர வீதியில் அத்தகைய வளைவுகள் ஏது? நேர்ப்பாதையில் டயர்களின் உள்விளிம்பே தேய்ந்தது. வெளியே புதிதாய்த் தோன்றிய டயரின் உட்புறத்தில் கம்பி தெரிந்ததை, மாரி தொடங்குமுன் கராஜில் வண்டியை உயர்த்தியபோதுதான் கண்டோம். முந்திய வாரம் அதே டயரில்தான் உம்மாவை வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தோம்! குழிதோறும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டதையும் முதுமையென்றே எண்ணியிருந்தோம்.

டயர்களை மாற்றினோம், முன்சக்கரங்களை நேராக்கினோம், சாய்வை ஒரு பாகையளவுக்குக் குறைத்தோம், இளகிய சுருள்வில்லும் அதற்கேற்ற சொக் அப்சோபரும் பூட்டினோம். பந்தயத்தில் சில நொடிகள் போயின. அடுத்த பயணத்திலோ, அக்கரைப்பற்றைத் தாண்டுமுன் உம்மா உறங்கிவிட்டார். எமக்கு அப்பரிசே போதும்.

வண்டி வைத்திருக்கும் நேயர்களே, டயரின் உள்விளிம்பையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்!