ராஜினாமாவா, ஓய்வா?

பி.காம் படிக்கிறேன் என்பதால் வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என்னிடம்தான் வரும். போன மாதம் அப்பா ஒன்றை நீட்டினார். "ஏலே, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு."

ராஜினாமா கடிதம். மில் ஆபீசில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று இருந்தது. அப்பா நூற்பு மில்லில் 24 வருடம். இப்போது மூட்டுவலி, நைட் ஷிஃப்ட் முடியவில்லை. மில்லில் ஓய்வு வயது 58. அதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

எனக்கு உடனே அம்மாவின் சுகர் மாத்திரைதான் ஞாபகம் வந்தது. அது இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் வாங்குவது. வேலையை விட்டால் அந்தக் கார்டு என்னவாகும்? விதிகளைத் தேடிப் படித்தேன்.

ஐந்து வருடமாவது இஎஸ்ஐ-யில் இருந்து, வயது முடிந்தோ விருப்ப ஓய்வுத் திட்டத்திலோ ஓய்வு பெற்றால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். மாதம் பத்தே ரூபாய்! ஆனால் சும்மா ராஜினாமா செய்தவருக்கு இது இல்லை. ஏற்கனவே கட்டிய சந்தாவுக்கு உரிய காலம் முடிந்ததும் கார்டும் முடிந்துவிடும். அப்பாவின் மில்லில் விருப்ப ஓய்வுத் திட்டமும் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளம் 16,000 என்றால் 120-ம் 520-ம் சேர்த்து மாதம் 640. அதாவது அப்பா இப்போது ஒரு மாதத்துக்குக் கட்டுவதை, ஓய்வுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கட்டினால் போதும்.

அமெரிக்காவில் கோப்ரா என்று ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே வேலையை விட்டவர் கம்பெனி இன்சூரன்ஸைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ராஜினாமா செய்திருந்தாலும் சரி. ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் அவரே கட்டவேண்டும். அதற்கு மேல் 2 சதவீதம் நிர்வாகச் செலவும் கேட்கலாம். நம் 640-க்கு அந்தக் கணக்கைப் போட்டால் மாதம் சுமார் 653 ரூபாய். அங்கே பணம் இருந்தால் தொடரலாம். இங்கே பணம் பெரிதில்லை, எப்படி வெளியே வருகிறோம் என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஏழு மாசம்தான, ஓட்டிருவோம்" என்றார். அன்றைக்கு ராத்திரியும் மில் வேன் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

என் கணக்கில் தப்பில்லை. ஆனாலும் அந்த வேன் ஹாரன் கேட்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது வேலையை விட்டு நிற்கப் போகிறார்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கடிதத்தில் ராஜினாமா என்று இருக்கிறதா, ஓய்வு என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.