மூச்சுத் திணறிய கார்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசடர் கார் 1984ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்பா 2005இல் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து அதைப் பழைய வண்டியாக வாங்கினார். அன்று முதல் அதை ஓட்டுவதும் துடைப்பதும், அதற்கு நோய் கண்டால் பட்டறை வாசலில் காத்துக் கிடப்பதும் அவருடைய தனியுரிமை. எங்கள் இருவருக்கும் அதில் ஏறி அமரும் உரிமை மட்டுமே உண்டு.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். வழியில் உறவினர் வீட்டில் சற்று இளைப்பாறிவிட்டுக் கிளைச்சாலையில் வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோலை வீணாக்குவானேன் என்று அப்பா எஞ்சினை நிறுத்தினார். பத்து நிமிடத்தில் கேட் திறந்தது, கார் கிளம்பவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன. கண்ணில் கட்டுடன் அம்மா உள்ளே வியர்த்துக்கொண்டிருக்க, எழுபத்தேழு வயது அப்பா இறங்கி எங்களோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார். புளிய மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, ஒன்றும் நடவாதது போல் அது கிளம்பிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். மறுநாளும் எடுக்கவில்லை, அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. மாலையில் நண்பர்களைக் காணச் செல்வதும் நின்றது. ஒரு நாள், பழைய இரும்பு வாங்குபவரை விசாரிக்கும்படி எங்களிடம் மெல்லச் சொன்னார். அவர் அதைச் சொன்ன குரல்தான் எங்களை வருத்தியது. காரைவிட அவரைக் குறித்தே அஞ்சினோம்.

அப்போது எங்கள் மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். "தாத்தா, எஞ்சின் கெடவில்லை. சூட்டில் மூச்சுத் திணறுகிறது. நாமே சரி செய்யலாம்" என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் பானெட்டைத் திறந்தபோது எழுந்து வந்து பார்த்தார்.

அந்த எஞ்சினில் புகை வெளியேறும் மானிபோல்டும், காற்றும் பெட்ரோலும் உட்செல்லும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கின்றன. அடுப்பின் மேல் பால் செம்பை வைத்தது போல், கொதிக்கும் இரும்புக்கு அருகில் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போது காற்றோட்டம் காப்பாற்றும். நிறுத்தியவுடன் விசிறியும் நிற்கும், தண்ணீரும் சுற்றாது. இரும்பில் தேங்கிய சூடெல்லாம் மேலே ஏறும். பெட்ரோலின் இலேசான பகுதி நாற்பது டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும் இயல்புடையது. எனவே கார்புரேட்டர் கிண்ணத்தில் அது கொதித்து எழும். குழாயில் திரவம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி அடைத்துக்கொள்ளும். பழைய ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின் மீது ஈரத்துணி சுற்றியது இதனால்தான்.

இன்னொரு குறையும் இருந்தது. காற்று வடிப்பான் பானெட்டுக்குள் இருந்த வெந்த காற்றையே உறிஞ்சியது. கம்பி நுனியில் உணரி உள்ள சிறு வெப்பமானியை மகன் அங்கே தொங்கவிட்டான். வெளியே 37 டிகிரி இருந்தபோது உள்ளே 66 டிகிரி காட்டிற்று. காற்று சூடேறினால் விரிந்து இலேசாகும். முப்பது டிகிரிக் காற்றைவிட அறுபது டிகிரிக் காற்று நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு அடர்த்தி குறைந்தது. அந்த அளவுக்குப் பிராணவாயுவும் குறைவு. 1489 கன சென்டிமீட்டர் கொண்ட இந்த எஞ்சின், நிமிடத்துக்கு 3000 சுற்றில் முழு வாய் திறந்து ஓடினால், கணக்குப்படி சுமார் 2200 லிட்டர் காற்றை விழுங்கும். அவ்வளவும் வெந்த காற்றானால் இழப்பு சிறிதன்று.

கடையில் பளபளக்கும் கூம்பு வடிவ வடிப்பானை வாங்கி மாட்ட மகனுக்கு ஆசை. வெப்ப அறைக்குள்ளேயே அதைத் திறந்து வைத்தால் முன்னைவிட அதிகச் சூட்டையல்லவா உறிஞ்சும் என்று கேட்டோம். சற்று முகம் வாடினான்; ஆனாலும் ஒப்புக்கொண்டான்.

டிரங்குப் பெட்டி செய்யும் தகரப் பட்டறைக்காரர் ஒருவரை அப்பாவுக்கு நெடுநாளாகத் தெரியும். முதலில் அட்டையை வெட்டி வைத்து, வளைவுகளைப் பென்சிலால் குறித்து, அதன்படி 18 கேஜ் அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்பு வெட்டினோம். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தகடு ஒன்றாயிருந்தால் அதுவே சூடேறி மறுபக்கம் கொடுக்கும் என்பதால், விரற்கடை இடைவெளி விட்டு இரண்டாவது தகட்டையும் ரிவெட் அடித்துச் சேர்த்தோம். நடுவே அடைக்கக் கல்நார் அட்டை தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதான். ஆயினும் அதன் தூள் புற்றுநோயை விளைவிக்கும் என்று தெரிந்த பின் தொடுவது தகாது. இடையில் காற்றே போதும் என்று விட்டுவிட்டோம்.

காற்றுக்குழாயைத் தகரத்தில் இரண்டரை அங்குல விட்டத்தில் உருட்டினார். வீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் மலிவுதான். அந்தச் சூட்டில் இளகிவிடும். வளைவுக்கு லாரி ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ் உதவியது. பழைய வடிப்பானை அப்படியே வைத்துக்கொண்டோம். எங்கள் ஊர்ப் புழுதிக்கு அது இன்றியமையாதது.

முதல் நாள் குழாயின் வாயை பம்பருக்குக் கீழே வைத்திருந்தான் மகன். அங்கேதான் குளிர்ந்த காற்று என்பது அவன் வாதம். "மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் போனால் என்ன குடிக்கும்?" என்று கேட்டார் அப்பா. மூன்று வாரங்களில் அவர் காரைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். வாயை முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் பக்கமாக உயர்த்தினோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருந்தது. எல்லாம் மாட்டி வாசலிலேயே ஓட்டிப் பார்த்தபோது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. மகன் திகைத்து நின்றான். அப்பா கையை நீட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சின் ஆடியபோது தகட்டின் விளிம்பு ஆக்சிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாலையில் நேர்ந்திருந்தால்? அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை. மறுநாள் அப்பாவே அரத்தை எடுத்து அந்த விளிம்பை முக்கால் அங்குலம் குறைத்தார். ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க, ஐம்பது முறை சோதித்த பிறகே வண்டி தெருவுக்குப் போயிற்று.

ஓடும்போது இப்போது வடிப்பானில் 43 டிகிரி காட்டுகிறது. நின்றால் ஏறத்தான் செய்கிறது. வேகம் கூடிற்றா என்றால், மகன் ஆம் என்கிறான், எங்களுக்குத் தெரியவில்லை. குளிர்ந்த காற்றுக்கேற்பக் கார்புரேட்டர் திருகைச் சரி செய்து, பிளக்கின் முனை காபிப்பொடி நிறத்துக்கு வந்ததா என்று பார்க்கவும் நேர்ந்தது. உண்மையில் தொல்லையைத் தீர்த்தது குழாயன்று, மறைப்புத் தகடே என்பது எங்கள் எண்ணம். இதைப் பற்றி வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

ஜூலையில் ஒரு நண்பகல், அப்பா ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். எங்கே என்று கேட்டதற்கு விடையில்லை. நாங்களும் மகனும் ஏறிக்கொண்டோம். நேரே அந்த ரயில்வே கேட்டுக்குத்தான் போனார். அது திறந்திருந்தது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். முதல் முறை இருமியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது.

"கிளட்சைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே கியரைப் போட்டார்.