அந்த ஓராண்டை எங்கிருந்து எடுப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து எழுதுகிறேன். ரிச்மண்ட் டவுன், நீலசந்திரா, விவேக் நகர் சூழ அமைந்த பழைய கன்டோன்மென்ட் பகுதி இது. தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் இங்கே ஒரே தெருவில் புழங்குகின்றன. 1882-ல் தொடங்கி 2022-ல் பல்கலைக்கழகமான செயின்ட் ஜோசப், பக்கத்து லாங்ஃபோர்டு சாலையில்தான் இருக்கிறது. படிப்பே பேச்சாக இருக்கும் இந்த ஊரிலிருந்து, நம் ஊரில் கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். இளங்கலையையும் முதுகலையையும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக முடித்துக்கொடுக்கும் பாதை சர்வதேச உறவுகள் துறைக்கு நல்லதா என்பதே கேள்வி. நல்லதுதான் என்பது என் எண்ணம். ஆனால் மிச்சமாகும் ஓராண்டு எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்லலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமானது மூன்றாண்டு பி.ஏ., இரண்டாண்டு எம்.ஏ. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஹானர்ஸையும் அதற்குப்பின் ஓராண்டு முதுகலையையும் கொண்டுவந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஐந்தாண்டுதான். அந்த மாற்றத்தால் மட்டும் யாருக்கும் நாள் மிச்சமாகவில்லை. மிச்சம் பிடிக்கும் வழி 2024 நவம்பரில் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடி தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, வேகப் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதி கொடுத்தது. அதன்படி செமஸ்டருக்குக் கூடுதல் கிரெடிட் எடுத்து மூன்றாண்டுப் படிப்பை ஐந்து செமஸ்டரிலும், நான்காண்டுப் படிப்பை ஆறு அல்லது ஏழு செமஸ்டரிலும் முடிக்கலாம். ஒரு கல்லூரி தன் இடங்களில் 10 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம். மூன்றாண்டுக்காரருக்கு இதில் கிடைப்பது அரையாண்டு. முதுகலைச் சேர்க்கை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே நடக்கும் நாட்டில் அந்த அரையாண்டு காத்திருப்பிலேயே கரைந்துவிடும். நான்காண்டை மூன்றில் முடித்து ஓராண்டு முதுகலை சேர்பவருக்குத்தான் முழுசாக ஓராண்டு கையில் நிற்கிறது. கர்நாடகமோ, 2021-ல் எல்லோருக்கும் முன்னால் நான்காண்டு முறைக்கு மாறி, சுகதேவ் தோரட் தலைமையிலான ஆணையத்தின் இடைக்கால அறிக்கையைத் தொடர்ந்து 2024-25 முதல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. இந்தப் பகுதிப் பிள்ளை அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் ஒரு கணக்கு, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வேறு கணக்கு என்று ஆகிப்போனது.

காலத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. அதே பாடத்தை நெருக்கி அடைப்பது ஒன்று. ஒரே பாடம் இரண்டு முறை வராமல் பின்னுவது மற்றொன்று. பின்னுவதற்கு நல்ல சாட்சி இதே பெங்களூரில் இருக்கிறது. மாதவ மேனன் உருவாக்கிய தேசிய சட்டப் பள்ளி, 1988-ல் சேர்ந்த முதல் மாணவர்களிலிருந்தே பி.ஏ.வையும் எல்.எல்.பி.யையும் ஐந்தாண்டில் இணைத்துக் கற்பித்தது. பழைய முறையில் மூன்றும் மூன்றும் ஆறாண்டு ஆகும். சட்டத்தின் ஆழத்தை அது குறைத்துவிட்டது என்று இன்று யாரும் குறை சொல்வதில்லை. நாடு முழுக்க அதைப் பார்த்தே சட்டப் பள்ளிகள் எழுந்தன. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற இடங்களின் ஐந்தாண்டு பி.ஏ.-எம்.ஏ. வழியும் இந்த வகைதான். இளங்கலையில் இருக்கும்போதே எடுக்கும் சில முதுகலைப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகின்றன. நம் சர்வதேச உறவுகள் எம்.ஏ.வின் முதலாண்டைப் பாருங்கள். யதார்த்தவாதம், தாராளவாதம், ஐ.நா. அமைப்பு, இந்திய வெளியுறவுக் கொள்கை என்று அரசியல் அறிவியல் பி.ஏ. மாணவர் ஏற்கெனவே தேர்வெழுதிய தலைப்புகளே திரும்ப வருகின்றன. வேறு துறையிலிருந்து வருபவருக்கு அவை தேவை. இதே துறையில் படித்து வந்தவரை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பதில் என்ன நியாயம்?

நெருக்கவே முடியாத பகுதி ஒன்று இந்தத் துறையில் உண்டு. அது மொழியும் வட்டாரமும். தங்கள் தூதர்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை ஏறக்குறைய 30 வாரம் ஒதுக்குகிறது. சீனமோ அரபியோ என்றால் 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம். நம் வெளியுறவுப் பணிக்குத் தேர்வானவர்களுக்கும் ஒரு அயல்மொழி கட்டாயம். அந்த மொழி பேசும் நாட்டுக்கே அனுப்பிப் படிக்க வைக்கிறார்கள். மொழிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு என் பகுதியின் பெயரே சாட்சி. ஆஸ்டின் டவுனுக்கு இன்னொரு பெயர் கிட்டெல் நகர். 1853-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஃபெர்டினண்ட் கிட்டெலின் கன்னட-ஆங்கில அகராதி 1894-ல்தான் அச்சேறியது. ஆறு செமஸ்டருக்குள் பாடங்களைத் திணிக்கும் கல்லூரியில் முதலில் காணாமல் போவது மொழி வகுப்பாகத்தான் இருக்கும். பட்டத்துக்கு அது கட்டாயமில்லை என்பதால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். என் அச்சமெல்லாம் இங்கேதான்.

தமிழ் மாணவருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இதே கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழும் கன்னடமும் தெரிந்த பெங்களூரு மாணவர் ஒருவர் அவர்களிடம் நேரே பேசி ஆய்வு செய்யலாம். சிங்களமும் கற்றுக்கொண்டால் கொழும்பின் தரப்பையும் மூலத்திலேயே படிக்கலாம். பாடத்தைப் பின்னுவதால் கிடைக்கும் ஓராண்டு இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.

மறுப்புகள் இருக்கின்றன. இந்தப் பட்டமே எதற்கு என்று கேட்பவர்கள் கே. சுப்ரமணியத்தைக் காட்டுவார்கள். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்ஸி. படித்த அவர், நாட்டின் பாதுகாப்புச் சிந்தனைக்கே வடிவம் கொடுத்தார். யு.பி.எஸ்.சி.க்கும் ஏதோ ஒரு பட்டம் போதும். உண்மைதான். ஆனால் அவருக்கு ஐ.ஏ.எஸ். பணியும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கோப்புகளும் பள்ளிக்கூடமாக அமைந்தன. அந்த வாசல் கிடைக்காத பெரும்பாலோருக்கு ஆய்வு நிறுவனங்களும் ஐ.நா.வின் பெரும்பாலான தொடக்கநிலைப் பணிகளும் முதுகலைப் பட்டத்தையோ, அதற்கு ஈடாகக் கூடுதல் ஆண்டு அனுபவத்தையோ கேட்கின்றன. இருபது வயதில் முதிர்ச்சி போதாது என்பது அடுத்த மறுப்பு. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் முதிர்ச்சி வகுப்பறையில் இன்னொரு வருடம் உட்கார்ந்து வருவதில்லை. களத்தில் போய் நின்றால் வரும். வேகப்பாதை வசதியுள்ள பிள்ளைகளுக்கே போய்ச் சேரும் என்பதுதான் மிகக் கனமான மறுப்பு. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டுச் சம்பளமும் மிச்சமாவது யாருக்குப் பெரிதோ, அந்தப் பிள்ளைகள்தான் மூன்றாண்டுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். 10 சதவீத இடமோ முதல் செமஸ்டர்களிலேயே நல்ல மதிப்பெண் வாங்குபவருக்குப் போகும். வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவர் கூடுதல் கிரெடிட்டை எப்படிச் சுமப்பார்? அதனால் பாதையை மூடுவதைவிட, மூன்றாம் ஆண்டு பி.ஏ. மாணவர்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நான்கைந்து முதுகலைப் பாடங்களை எடுக்கவும், பின்னால் எம்.ஏ.வில் அவற்றைக் கழித்துக்கொள்ளவும் வழி செய்யலாம். மாணவர் எடுத்த கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கி நடைமுறையில் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொள்வதுதான் பாக்கி.

நம் பிள்ளைகள் யாராவது இந்தப் படிப்பில் சேர்வதாக இருந்தால், கல்லூரியில் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தெந்த இளங்கலைப் பாடம் முதுகலையில் கழிக்கப்படும் என்பதை எழுத்தில் தருவார்களா? அயல்மொழி வகுப்புக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பாதியில் வேகம் தாங்காவிட்டால், கட்டிய பணமும் எடுத்த கிரெடிட்டும் வீணாகாமல் சாதாரண வேகத்துக்கு மாற முடியுமா? வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டத்தோடு ஓராண்டு முதுகலையில் சேரலாம்; அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்காண்டுப் படிப்பையே எதிர்பார்க்கின்றன. ஆறு செமஸ்டரில் முடித்த நான்காண்டுப் பட்டத்தை அவை எப்படி எடைபோடும் என்பதை, சேர்வதற்கு முன்பே அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

அன்புடன்,
உங்கள் நண்பன்